நிக்கோடிமஸ்: ரயில் வராத ஊரின் குடும்பங்கள்

அமெரிக்கக் கிராமப்புற வரலாற்றை எடுத்தால் "இந்த டவுன்ஷிப்பின் முன்னோடிக் குடும்பங்கள்" என்று ஒரு பட்டியல் தவறாமல் வருகிறதே, யார் முன்னோடி என்று யார் முடிவு செய்கிறார்கள், ஒரே ஒரு ஊரை வைத்து விளக்க முடியுமா என்று கேட்டிருந்தீர்கள். கேன்சஸ் மாநிலத்தின் வடமேற்கில், கிரஹாம் கவுண்டியில் (கவுண்டி என்பது நம் மாவட்டம் மாதிரி) உள்ள நிக்கோடிமஸை எடுத்துக்கொள்கிறேன். அடிமைத்தளையிலிருந்து விடுபட்ட கறுப்பின மக்கள் 1877-இல் குடியேறி உருவாக்கிய ஊர் அது. விளம்பரத் தாளில் இருந்த பெயர்களும் மண்ணில் நிலைத்த பெயர்களும் எவ்வளவு வேறுபடும் என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் ஊர் எனக்குத் தெரியாது.

முதலில் டவுன்ஷிப் என்றால் என்ன என்று பார்த்துவிடலாம், இல்லாவிட்டால் மற்றதெல்லாம் குழப்பும். 1785-இல் வந்த நில அளவைச் சட்டம் மேற்கு நிலங்களைச் சதுரம் சதுரமாகப் பிரித்தது. பக்கத்துக்கு ஆறு மைல் கொண்ட சதுரம் ஒரு டவுன்ஷிப். அதற்குள் 36 செக்‌ஷன்கள், ஒவ்வொன்றும் 640 ஏக்கர். 16-ஆம் எண் செக்‌ஷன் பள்ளிக்கூடத்துக்கென ஒதுக்கப்பட்டது. இது வெறும் அளவைக் கணக்கு. அங்கே ஒரு மனிதர்கூட இல்லாவிட்டாலும் வரைபடத்தில் டவுன்ஷிப் இருக்கும். இன்னொரு வகை, நிர்வாக டவுன்ஷிப். அதற்கு ஒரு டிரஸ்டி, ஒரு கிளார்க், ஒரு பொருளாளர் என்று உள்ளூர் மக்கள் தேர்ந்தெடுத்த ஆட்கள் இருப்பார்கள். சாலை, வரி போன்ற அன்றாட வேலைகளைப் பார்ப்பார்கள். நிக்கோடிமஸ் என்ற பெயர் கடைத்தெருவும் வீடுகளும் இருந்த சிற்றூருக்கும் உண்டு, அதைச் சுற்றிய வயல்வெளிகளோடு சேர்ந்த டவுன்ஷிப்புக்கும் உண்டு. இந்த இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பியதால்தான் இந்த ஊரைப் பற்றிப் பல தவறான கதைகள் கிளம்பின.

அடுத்தது 1862-ஆம் ஆண்டின் ஹோம்ஸ்டெட் சட்டம். குடும்பத் தலைவராக இருப்பவர் அல்லது 21 வயது நிரம்பியவர், 160 ஏக்கர் அரசு நிலத்தைக் கேட்டுப் பெறலாம். ஐந்து வருடம் அங்கேயே வசித்து, வீடு கட்டி, உழுது பயிரிட்டதை நிரூபித்தால் நிலம் சொந்தம். கட்டணம் இருபது டாலருக்குள்தான். ஆனால் குடியுரிமை வேண்டும், அல்லது குடியுரிமை கேட்டு விண்ணப்பித்திருக்க வேண்டும். அடிமைகளாக இருந்தவர்களுக்கு 1868-இல் பதினான்காவது அரசியல் சட்டத் திருத்தம் குடியுரிமையை உறுதி செய்தது. அந்தத் திருத்தம் வந்து பத்து வருடத்துக்குள் கென்டக்கியிலிருந்து கிளம்பிய குடும்பங்கள் கேன்சஸ் புல்வெளியில் மனுப் போட நின்றதை இந்தப் பின்னணியில்தான் பார்க்க வேண்டும்.

1877-இல் இன்னொரு காரணமும் சேர்ந்தது. உள்நாட்டுப் போருக்குப் பிறகு தெற்கு மாநிலங்களில் நின்ற கூட்டாட்சிப் படையின் பாதுகாப்பு அந்த வருடத்தோடு முடிந்தது. கறுப்பின மக்களின் ஓட்டுரிமையும் உயிரும் மறுபடி பழைய எஜமானர்களின் தயவுக்கு வந்தன. வெளியேற வேண்டும் என்ற எண்ணம் பல ஊர்களில் பரவியது. 1879-இல் தெற்கிலிருந்து பல்லாயிரம் பேர் கேன்சஸை நோக்கிப் பெயர்ந்தார்கள். நிக்கோடிமஸ் மக்களையும் அந்த அலையில் சேர்த்துப் பலர் எழுதிவிடுகிறார்கள். அது சரியல்ல. இவர்கள் இரண்டு வருடம் முந்தியவர்கள், அதுவும் ஒரு நிறுவனத்தின் அழைப்பை நம்பி, குழுக்குழுவாக ஏற்பாட்டோடு வந்தவர்கள்.

அந்த நிறுவனம்தான் நிக்கோடிமஸ் டவுன் கம்பெனி. அதன் தலைவர் டபிள்யூ. எச். ஸ்மித், கறுப்பினப் போதகர். பொருளாளர் டபிள்யூ. ஆர். ஹில், நில வியாபாரம் செய்த வெள்ளையர். செயலாளர் சைமன் ரவுண்ட்ரீ என்ற போதகர். 1877 கோடையில் இவர்கள் அச்சிட்ட துண்டறிக்கை, வளமான மண், நல்ல தண்ணீர், புதிய ஊரில் மனை என்று ஆசை காட்டியது. கென்டக்கியின் ஸ்காட் கவுண்டியில், ஜார்ஜ்டவுன் நகரைச் சுற்றியிருந்த தேவாலயங்களில் ஹில் நேரில் போய்ப் பேசினார். ஒரே பகுதி, ஒரே சபைகள், ஏற்கெனவே கொண்டான் கொடுத்தான் உறவில் பிணைந்த குடும்பங்கள் கூட்டமாகக் கிளம்ப அதுதான் காரணம். செப்டம்பரில் 300-க்கும் மேற்பட்டோர் ரயிலில் எல்லிஸ் என்ற நிலையத்தில் இறங்கினார்கள். அங்கிருந்து ஏறத்தாழ 35 மைல், நடைதான்.

வந்து பார்த்தால் ஊரே இல்லை. மரம் இல்லை, மரம் இல்லாததால் பலகை இல்லை, பலகை இல்லாததால் வீடு இல்லை. மறு வசந்தத்தில் கணவர் டேனியல் ஹிக்மனோடும் குழந்தைகளோடும் வந்த வில்லியானா ஹிக்மன் பிற்காலத்தில் சொன்ன நினைவு இந்த ஊர் வரலாற்றில் எல்லோரும் எடுத்தாளும் ஒன்று. எல்லிஸில் தங்கியிருந்தபோதே கூட்டத்தில் தட்டம்மை பரவிச் சில குழந்தைகள் இறந்துபோயின. பிறகு நடந்து வந்தார்கள். ஆண்கள் உற்சாகமாக "அதோ நிக்கோடிமஸ்" என்று கூவினார்கள். இவர் சுற்றிலும் தேடினார், ஒன்றும் தெரியவில்லை. கணவர் கைநீட்டிக் காட்டிய திசையில் தரையிலிருந்து புகை மட்டும் எழுந்துகொண்டிருந்தது. சனங்கள் மண்ணுக்குள் குழி தோண்டிக் குடியிருந்தார்கள். அங்கேயே அழுதுவிட்டதாகச் சொல்கிறார். டேனியல் ஹிக்மன் போதகர், ஒரு சபையையே கூட்டிக்கொண்டு வந்தவர்; அவர்களும் ஊருக்குச் சில மைல் தள்ளி நிலம் பிடித்துத் தங்கினார்கள்.

மேட்டுச் சரிவில் குடைந்து, முன்பக்கம் மட்டும் புல்மண் கட்டிகளாலோ கல்லாலோ அடைத்து, மேலே கிளை, புல், மண் போட்டு மூடிய அறைதான் அந்தக் குழிவீடு. கோடையில் குளிர்ச்சி, குளிர்காலத்தில் ஓரளவு வெதுவெதுப்பு, மழை பெய்தால் சேறு. அடுப்பெரிக்க உலர்ந்த காட்டெருமைச் சாணமும் சூரியகாந்தித் தண்டும். புல்வெளியில் சிதறிக் கிடந்த காட்டெருமை எலும்பைப் பொறுக்கி டன் கணக்கில் விற்றுக் காசு பார்த்தார்கள். மொத்தக் குடியிருப்புக்கும் குதிரைகள் விரல்விட்டு எண்ணும் அளவுதான், அதனால் முதல் வருடம் மண்வெட்டியாலேயே புல்தரையைப் புரட்டி விதைத்தவர்கள் பலர். அந்தப் புல்வெளியின் வேர்கள் இரும்புக் கலப்பைக்கே எளிதில் வழிவிடாதவை.

ஆத்திரம் ஹில் மீது திரும்பியது. தூக்கில் தொங்கவிடவே சிலர் தேடியதாகவும், வைக்கோல் வண்டிக்குள் ஒளிந்து அவர் தப்பியதாகவும் அங்கே சொல்வார்கள். வந்தவர்களில் பல குடும்பங்கள் உடனே திரும்பிப் போயின. முதல் குளிர்காலத்தில், வேட்டை முடிந்து திரும்பிய ஓசேஜ் பழங்குடியினர் தங்கள் இறைச்சியில் பங்கு கொடுத்ததால்தான் பிழைத்தோம் என்பது குடும்பங்களில் வழிவழியாக வரும் பேச்சு. ஹில்லுக்கு ஒன்றும் ஆகவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். கவுண்டியின் தலைநகர் இன்றும் அவர் பெயரில் ஹில் சிட்டி என்றே இருக்கிறது. வரலாற்றில் பெயர் வைப்பது இப்படித்தான் நடக்கிறது.

சரி, அப்படியானால் முன்னோடிகள் யார்? துண்டறிக்கையில் பெயர் போட்டவர்களா, முதல் ரயிலில் வந்தவர்களா, திரும்பிப் போகாமல் நிலைத்து இருந்தவர்களா?

என் கணக்கில் நிலைத்து இருந்தவர்கள்தான். ஃப்ளெட்சர் குடும்பத்தை எடுத்துக்கொள்ளுங்கள். சக்கரி ஃப்ளெட்சரும் மனைவி ஜென்னியும் 1877 கோடையிலேயே வந்துவிட்டார்கள். கம்பெனியோடு தொடர்புள்ளவர்தான் சக்கரி, ஆனால் ஓடவில்லை. ஊரின் முதல் அஞ்சலக அதிகாரி அவர். பின்னால் செயின்ட் ஃபிரான்சிஸ் ஹோட்டல் என்ற பெயரில் கல் கட்டடம் ஒன்றை எழுப்பி விடுதி நடத்தினார். ஜென்னி முதல் பள்ளி ஆசிரியை; வகுப்பறையும் மண்ணுக்குள்தான். அந்த ஹோட்டல் பின்னாளில் ஸ்விட்சர் குடும்பத்தாரின் வீடாகி இன்றும் நிற்கிறது. அதே ஸ்விட்சர் வழியில் 1932-இல் பிறந்த வெரில் ஸ்விட்சர், கேன்சஸ் ஸ்டேட் பல்கலைக்கழகத்துக்கு ஆடி, 1954-இல் கிரீன் பே பேக்கர்ஸ் அணி முதல் சுற்றிலேயே தேர்ந்தெடுத்த அமெரிக்கக் கால்பந்து வீரர். ஆட்டத்தையும் பல்கலைக்கழக வேலையையும் பார்த்துக்கொண்டே நிக்கோடிமஸ் நிலத்தை விடாமல் வைத்திருந்தார். 2022-இல் மறைந்தார்.

ஜான்சன், வில்லியம்ஸ் குடும்பங்களின் கதை இன்னும் ஆழமாகப் போகிறது. ஸ்காட் கவுண்டியின் பெரிய நிலக்கிழார்களில் ஒருவர் ரிச்சர்ட் மென்டர் ஜான்சன், 1837 முதல் 1841 வரை அமெரிக்கத் துணைக் குடியரசுத் தலைவர். அவருடைய பண்ணையில் அடிமைகளாக இருந்தவர்களின் உறவினர்கள் நிக்கோடிமஸுக்கு வந்த கூட்டத்தில் இருந்தார்கள். தாமஸ் ஜான்சன் அந்தப் பின்புலத்திலிருந்து வந்தவர். அவருடைய குடும்பத்துப் பெண் எம்மா வில்லியம்ஸ் வந்து சில வாரங்களிலேயே ஹென்றி என்ற மகனைப் பெற்றார்; புதிய குடியிருப்பில் பிறந்த முதல் குழந்தை ஹென்றி வில்லியம்ஸ்தான். தாமஸ் ஜான்சன் செய்த ஒரு காரியம் எனக்கு மிகவும் பிடிக்கும். குடும்பத்தார் ஆளுக்கொரு மனை எங்கோ வாங்காமல், ஒட்டினாற்போல நிலம் எடுத்தார்கள். ஒருவர் கலப்பை, இன்னொருவர் மாடு, எல்லோருடைய உழைப்பும் என்று சேர்த்துப் பயிர் செய்ய அது வழிவிட்டது. பிறகு ஹென்றி வளர்ந்து அதே நிலத்தில் விவசாயம் பார்த்தார். 2000-க்குப் பிந்தைய ஆண்டுகளில் வாஷ்பர்ன் பல்கலைக்கழகத்தின் தொல்லியலாளர்கள் அந்தப் பண்ணையில் குழிவீட்டின் எச்சத்தை அகழ்ந்து ஆராய்ந்தார்கள். புகை மட்டும் தெரிந்த ஊருக்குச் சான்றாக இன்று கையில் தொட்டுப் பார்க்க இருப்பது அதுதான்.

வேறு வகை ஆள் எட்வர்ட் மெக்கேப். நியூயார்க் மாநிலத்தில் பிறந்தவர், வால் ஸ்ட்ரீட்டிலும் சிகாகோவிலும் எழுத்தராக வேலை பார்த்தவர். 1878-இல் நண்பர் ஆப்ரம் ஹாலோடு நிக்கோடிமஸ் வந்து, நிலம் அடையாளம் காட்டுவதும் பத்திரம் எழுதுவதுமாகத் தொழில் நடத்தினார். 1880-இல் கிரஹாம் கவுண்டி அமைக்கப்பட்டபோது ஆளுநர் அவரைத் தற்காலிகக் கவுண்டி கிளார்க்காக நியமித்தார். 1882-இல் மாநிலத் தணிக்கையாளராகத் தேர்தலில் வென்றார். அந்தக் காலத்தில் மாநில அளவில் அவ்வளவு உயர்ந்த பதவியில் தேர்வான கறுப்பினத்தவர் தெற்குக்கு வெளியே வேறு யாரும் இருந்ததாகச் சொல்வது கடினம். பிறகு ஓக்லஹோமாவுக்குப் போய் லாங்ஸ்டன் என்ற இன்னொரு கறுப்பின நகரை உருவாக்கப் பாடுபட்டார். வரலாற்று நூல்கள் இவருக்குத்தான் அதிகப் பக்கம் ஒதுக்குகின்றன. பெரிய மனிதர், சந்தேகமில்லை. ஆனால் டவுன்ஷிப் வரலாற்றில் அவர் சில வருடம் தங்கிப் போனவர்.

இனி ரயில் கதை. 1880-களின் நடுவில் ஊர் செழித்தது. கடைகள், விடுதிகள், வங்கி, பேஸ்பால் அணி, "வெஸ்டர்ன் சைக்ளோன்", "நிக்கோடிமஸ் என்டர்பிரைஸ்" என்று இரண்டு வாரப் பத்திரிகைகள். ரயில் வந்தால் நிலைத்துவிடலாம் என்று 1887-இல் டவுன்ஷிப் வாக்காளர்கள் மிசௌரி பசிபிக் நிறுவனத்துக்கு 16,000 டாலர் கடன்பத்திரம் தர ஓட்டுப் போட்டார்கள். அந்தப் பாதை கிழக்கே ஸ்டாக்டனோடு நின்றுவிட்டது. அடுத்த வருடம் யூனியன் பசிபிக் பாதை வந்தது, ஆனால் சாலமன் ஆற்றுக்குத் தென்புறமாக. அங்கே போக் என்ற புதிய ஊர் முளைத்தது. வியாபாரிகள் சிலர் கட்டடத்தையே பெயர்த்து ஆற்றைக் கடந்து கொண்டுபோனார்கள். பத்திரிகைகளும் நின்றன.

"ரயில் ஏமாற்றியது, ஊர் செத்தது" என்று இந்த இடத்தில் கதையை முடித்துவிடுவது வழக்கம். நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். இன்று நிக்கோடிமஸில் பாதுகாக்கப்படும் ஐந்து கட்டடங்களின் வயதைப் பாருங்கள். ஹோட்டலும் 1885-ஆம் ஆண்டுத் தேவாலயமும் ரயிலுக்கு முந்தியவை. முதல் பாப்டிஸ்ட் சபையின் கல் கட்டடம் 1907-இல் எழுந்தது, பள்ளிக்கூடம் 1918-இல், டவுன்ஷிப் ஹால் 1939-இல். செத்த ஊரில் யாரும் இருபது வருடம் கழித்துச் சுண்ணாம்புக் கல்லில் தேவாலயம் கட்ட மாட்டார்கள். ரயில் தப்பியதால் போனது கடைத்தெரு. வயல் போகவில்லை. சுற்றியிருந்த உழவர் குடும்பங்கள் கோதுமை போட்டுக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்கு வந்துகொண்டு, அடுத்த தலைமுறையைப் பள்ளிக்கு அனுப்பிக்கொண்டு இருந்தன. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் டவுன்ஷிப்பில் கறுப்பின மக்கள் நூற்றுக்கணக்கில் இருந்தார்கள். வியாபாரிகளின் கண்ணால் பார்த்தால் 1888-இல் முடிந்த வரலாறு, உழவர்களின் கண்ணால் பார்த்தால் அப்போதுதான் தொடங்குகிறது.

உண்மையான அடி 1930-களில் விழுந்தது. பொருளாதாரப் பெருமந்தம், அதோடு மழையின்மையும் புழுதிப் புயலும். இளைஞர்கள் டோபீகா, டென்வர், கலிஃபோர்னியா என்று கிளம்பினார்கள். இப்போதைய பார்வையாளர் மையமான அந்த டவுன்ஷிப் ஹால் பஞ்ச காலத்து அரசு வேலைத் திட்டத்தில்தான் கட்டப்பட்டது. 1950-களுக்கு வரும்போது ஊரில் இருந்தவர்கள் இருபது பேர்கூட இல்லை. 1953-இல் அஞ்சலகமும் மூடப்பட்டது.

ஆனாலும் ஒரு வழக்கம் விடவில்லை. பிரிட்டிஷ் கரீபியத் தீவுகளில் அடிமை முறை ஒழிந்த ஆகஸ்ட் 1-ஐ இந்த ஊரார் ஆரம்பம் முதலே விடுதலை விழாவாகக் கொண்டாடினார்கள். ஸ்க்ரக்ஸ் என்ற உழவரின் தோப்பில் கூடி, பேஸ்பால், குதிரைப் பந்தயம், நாள்முழுக்க விருந்து. அது இன்று ஜூலை கடைசி வார இறுதியில் நடக்கும் ஊர்திரும்பும் விழா. ஊரில் வீடே இல்லாவிட்டாலும் குலதெய்வக் கோயில் கொடைக்கு வண்டி கட்டி வருகிற நம் ஆட்களைப் போல, நாலைந்து தலைமுறைக்கு முன் புறப்பட்ட குடும்பங்களின் வாரிசுகள் நூற்றுக்கணக்கில் வந்து கூடுகிறார்கள். முன்னோடிக் குடும்பங்களின் பட்டியல் உயிரோடு இருப்பது இந்த விழாவால்தான் என்பேன். யார் யாருக்குச் சித்தப்பா, எந்த மனை யாருடையது என்ற பேச்சு வருடந்தோறும் அங்கே சரிபார்க்கப்படுகிறது.

உங்கள் கேள்வியின் இன்னொரு பாதி, பட்டியல் எப்படி உருவாகிறது என்பது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் அச்சான கவுண்டி வரலாற்று நூல்கள் பலவற்றில், சந்தா கட்டியவர்களின் வாழ்க்கைக் குறிப்புதான் நீளமாக இருக்கும். காசு கொடுத்தவர் முன்னோடி ஆனார்! கறுப்பினக் குடும்பங்கள் அவற்றில் அனேகமாக இடம்பெறவில்லை. ஆகவே வேறு ஆவணங்களுக்குப் போக வேண்டும். இருப்பதிலேயே சிறந்தது ஹோம்ஸ்டெட் நிரூபணக் கோப்பு. நிலம் கேட்டவர் எப்போது குடியேறினார், வீட்டின் நீள அகலம் என்ன, எத்தனை ஏக்கர் உழுதார், வீட்டில் எத்தனை பேர் என்று அவரே சொல்லியிருப்பார். அண்டை வீட்டார் இருவர் சாட்சி சொல்லியிருப்பார்கள். யாருக்கு யார் சாட்சி என்று கோத்துப் பார்த்தால் உறவும் நட்பும் தானாக வெளிவரும்.

அடுத்து மக்கள்தொகைக் கணக்கு. 1890-ஆம் ஆண்டின் கூட்டாட்சிக் கணக்கு 1921-இல் நடந்த தீ விபத்தில் பெரும்பாலும் அழிந்தது. நல்லவேளையாகக் கேன்சஸ் மாநிலம் 1885, 1895 என்று இடையிடையே தனியாகக் கணக்கெடுத்தது. எங்கிருந்து கேன்சஸ் வந்தீர்கள் என்ற கேள்வியும் அதில் உண்டு. பின்னோக்கிப் போனால் 1870-இல் ஒரு சுவர் குறுக்கே நிற்கும். அதற்கு முந்திய 1850, 1860 கணக்குகளில் அடிமைகளுக்குப் பெயரே கிடையாது. உடைமையாளர் பெயரின் கீழ் வயது, பாலினம், நிறம் மட்டும். கென்டக்கியில் ஜான்சன் குடும்பத்தைத் தேடுகிறவர்கள் உடைமையாளரின் உயில், சொத்துப் பிரிவினைப் பத்திரம் வழியாகத்தான் அந்தச் சுவரைத் தாண்ட முடியும். தேவாலயப் பதிவேடும் கல்லறைக் கற்களும் மீதியைச் சொல்லும்.

1976-இல் நிக்கோடிமஸ் தேசிய வரலாற்றுச் சின்னமாக அறிவிக்கப்பட்டது. முன்னோடிக் குடும்பம் ஒன்றின் வாரிசான ஏஞ்சலா பேட்ஸ் முன்னின்று ஊருக்கென ஒரு வரலாற்றுச் சங்கத்தை அமைத்தார். அவர்களின் விடாத முயற்சியோடு 1996-இல் தேசியப் பூங்காத் துறையின் கீழ் வந்தது. நீங்கள் போவதாக இருந்தால் ஜூலைக் கடைசியில் போங்கள். மற்ற நாட்களில் டவுன்ஷிப் ஹாலில் இருக்கும் பூங்கா ஊழியர்களிடம் கேட்டால் மற்ற நான்கு கட்டடங்களையும் எப்படிப் பார்ப்பது என்று சொல்வார்கள். எல்லாம் நடந்தே போகும் தூரத்தில்தான். வயல்களுக்குள் மட்டும் கேட்காமல் இறங்கிவிடாதீர்கள், அவை இன்றும் தனியார் நிலங்கள்.